நூதனசாலை என்ற ஐந்தெழுத்து

1

சென்ற கிழமை யோகன் ஊரிலிருந்து அழைத்தான். என்னிடம் கணிதம் படித்தவன். இப்போது பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்தை அவன்தான் இழுத்துக்கொண்டு திரிகிறான். வலிகாமம் வடக்கில் எங்கள் பள்ளிக்கூடம் நீண்ட காலம் ஆமி முகாமாக இருந்தது. இப்போது திருப்பித் தந்துவிட்டார்கள்.

"சேர், முள்ளுக்கம்பி எல்லாம் வெட்டியாச்சு. பத்தைக் காடும் வெளியாக்கியாச்சு. இனி வெள்ளையடிக்கிறதுதான். வட்ஸ்அப்பில நிறத்துக்குச் சண்டை நடக்குது. லண்டன்காரர் நீலம் எண்டினம். சுவிஸ்காரர் பழைய மஞ்சள்தான் எண்டு நிக்கினம். கனடா சார்பில நீங்கள் ஒண்டைச் சொல்லுங்கோ."

"ஆய்வுகூடம் எப்பிடி இருக்கு?"

"அதை ஏன் கேக்கிறியள். அங்கைதான் அவங்கள் சமைச்சிருக்கிறாங்கள். சுவர் முழுக்கக் கரி. சிங்களத்தில பேர் எழுதியிருக்கு, பூ கீறியிருக்கு, ஒரு பஸ் கீறியிருக்கு. அதைத்தான் முதலில சுரண்டிப் பூசவேணும்."

"கொஞ்சம் பொறு. எழுதி அனுப்பிறன்."

"நிறத்தைச் சொல்லுறதுக்கு எழுதவேணுமே சேர்?"

"வேணும்."

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை ஊரில் இருக்கும் மற்றவர்களும் வாசித்தால் நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ரொறன்ரோவில், ஒரு பழைய பட்டாளக் கட்டிடத்தின் வாசலில், ஒரு தமிழ்ச் சொல்லைப் பலகையில் ஏற்றி இந்த மாதத்தோடு ஒரு வருடமாகிறது. அந்தச் சொல்லை ஏற்றியதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்வதென்றால் எனக்குப் பெருமை தராத சில விஷயங்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2

நான் ஊரில் கணித ஆசிரியர். இங்கே வந்த பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை செக்கியூரிற்றி. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் "ஒரு கந்தோரில் வேலை" என்று எழுதினேன். அலுவலகத்தில்தான் வேலை. கந்தோரின் வாசலில் என்று எழுதவில்லை.

மூத்தவன் கணக்காளன். கல்கரியில் இருக்கிறான். அவனைப் பற்றி நான் நிறையப் பேசியிருக்கிறேன், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். இளையவள் துளசி. கனடாவுக்கு வரும்போது அவளுக்குச் சரியாக நடக்கக்கூடத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஒரு வருடம் போனாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தான் அதை விட்டுவிட்டதாகவும் வரலாறு படிக்கப்போவதாகவும், அதற்குப் பிறகு மியூசியம் வேலைக்கான படிப்புப் படிக்கப்போவதாகவும் சொன்னாள்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, நிதானமாகச் சொன்னேன்:

"நல்லது. உன்ர படிப்பைக் கொண்டுபோய் நூதனசாலையிலதான் வைக்கவேணும்."

மனைவி இந்திரா அகப்பையோடு அப்படியே நின்றாள். துளசி, "ஓகே அப்பா," என்றாள். பிறகு அவளுடைய தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள்.

அவள் சொன்னபடியே படித்தாள். படிப்பு முடிந்ததும் வேலையும் எடுத்தாள். நகரத்தின் கிழக்குப் பக்கம், ஏரிக்கரையோடு, பழைய பட்டாளக் கட்டிடங்கள் இரண்டு இருக்கின்றன. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அமெரிக்கர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் பிரித்தானியர் கட்டியவை. செங்கல் கட்டிடம் ஒன்று, சிப்பாய்கள் படுத்தது. அதற்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய சின்னதொன்று, வெடிமருந்து வைத்தது. நகராட்சி இரண்டையும் எடுத்து அந்தப் பகுதியின் வரலாற்றுக்கான மியூசியமாக்கியிருக்கிறது. துளசி அங்கே பொருட்களைத் தெரிந்தெடுத்து, ஆராய்ந்து, காட்சிக்கு வைக்கும் பொறுப்பில் சேர்ந்தாள். பிறகு அவளே தலைமைப் பொறுப்புக்கு வந்தாள்.

மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். நான் போகவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்தபோதும் போகவில்லை, தலைமைக்கு வந்தபோதும் போகவில்லை. "ஆமி இருந்த இடத்துக்குள்ள எனக்குக் கால் வைக்கேலாது" என்று சொல்லி வைத்திருந்தேன். அது பாதி உண்மை. பள்ளிக்கூடத்தை ஆமி எடுத்த நாட்களில் நடந்தவை எனக்கு உடம்பில் இருக்கின்றன. மற்றப் பாதி வெட்கம். மகள் பழைய வாளியும் தகரப் பேணியும் அடுக்கி வைக்கிற வேலை செய்கிறாள் என்று நினைத்தேன். அந்த வெட்கத்தை ஆமிப் பயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

துளசி வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். தொலைபேசியில் பேசுவோம். சாப்பிட்டீங்களா, ஸ்னோ கொட்டுதா, அம்மாட்டைக் குடுங்கோ. அவ்வளவுதான்.

3

யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் "கவர்ண்மென்ற் வேலை" என்பேன். நகராட்சியும் ஒரு கவர்ண்மென்ற்தானே. எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு கேள்வி வராது.

ஆனால் ஒரு கலியாண வீட்டில் யாரோ இந்திராவைக் கேட்டிருக்கிறார்கள். அவள் உள்ளதைச் சொன்னாள்: "பழைய ஆமிக் கட்டிடத்தில வேலை." கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 'பழைய' என்ற சொல்லும் 'கட்டிடம்' என்ற சொல்லும் வழியில் விழுந்துவிட்டன.

குணம் அண்ணை என் நெருங்கிய சினேகிதர். என்னைவிட மூத்தவர். ஊரில் ரயில் நிலைய அதிபராக இருந்தவர். நாங்கள் இருவரும் காலையில் ஸ்ரீல்ஸ் வீதிப் பிளாசாவில் கோப்பி குடிப்போம். ஒருநாள் கோப்பியை வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"மாஸ்ரர், மெய்யே? துளசி ஆமியிலயாம்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அப்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு பயம் இருந்தது, கூடவே ஒரு மரியாதை. என் மூத்தவனைப் பற்றிப் பேசும்போதுகூட அந்த முகம் வந்ததில்லை.

"ம்," என்றேன்.

"என்ன ராங்க்?"

"உதெல்லாம் வெளியில சொல்லக்கூடாது அண்ணை."

இந்தப் பொய்யை நான் எழுதி வைப்பதற்குக் காரணம், இதைவிடச் சின்னத்தனமான ஒன்றை நான் கனடாவில் செய்யவில்லை என்பதுதான். எங்கள் வீடுகளை எடுத்தது ஆமி. பள்ளிக்கூடத்தை எடுத்தது ஆமி. அப்படியிருந்தும் என் மகள் மியூசியத்தில் இருக்கிறாள் என்று சொல்வதைவிட ஆமியில் இருக்கிறாள் என்று சொல்வது எனக்குச் சுகமாக இருந்தது.

மிச்ச வேலையைக் குணம் அண்ணை பார்த்துக்கொண்டார். நான் ராங்க் சொல்லாததால் அவரே கொடுத்தார். கோடைக்குள் துளசி கப்டன். தைப்பொங்கல் வரும்போது மேஜர்.

4

சென்ற வருடம் வசந்த காலத்தில் துளசி அழைத்தாள். வழமைபோல அம்மாட்டைக் கொடுக்கச் சொல்லவில்லை.

"அப்பா, மியூசியத்துக்குத் தமிழில என்ன?"

சிப்பாய்கள் படுத்த கட்டிடத்தில் ஒரு புதிய கூடம் திறக்கப்போகிறார்களாம். அந்தப் பகுதிக்கு வந்து குடியேறியவர்களுடைய கூடம். அதையொட்டி வாசல் பலகையையும் மாற்றுகிறார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் மேல் வரியில். கீழ் வரியில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேசும் மற்ற மொழிகள் மூன்று. அதில் ஒன்று தமிழ்.

"அருங்காட்சியகம்," என்றேன்.

"எழுதி அனுப்புங்கோ. ஸ்பெலிங் பிழை வந்தா என்னைத்தான் கேப்பினம்."

"ங், ட், ம் மூண்டுக்கும் புள்ளி. மறந்திடாதை."

"வேற சொல் இருக்கா அப்பா?"

"இல்லை."

"ஷோரா? நிச்சயமா?"

"ஓம்."

இருந்தது. இலங்கையில் பிறந்த எந்தத் தமிழருக்கும் அந்தச் சொல் தெரியும். ஊரில் பலகைகளில் அதுதான் இருக்கும். ஆனால் அதை அவளிடம் நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்துகொண்டு. அந்த வாயால் அதே சொல்லை இன்னொருமுறை அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து மறுபடி அழைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"தமிழ் வராது போல இருக்கு அப்பா."

காரணத்தைக் கேட்டு நான் முதலில் சிரித்தேன். அந்தச் சுவர் பாதுகாக்கப்பட்ட சுவராம். பழைய செங்கல்லில் புதிதாக ஒரு ஓட்டையும் போடக்கூடாது. போடுவதென்றால் நகராட்சியின் மரபுரிமைப் பகுதி, மாகாணம், அதற்கு மேலே இன்னொன்று என்று அனுமதி கேட்டுக் கேட்டு வருடக் கணக்கில் போகும். அதனால் பட்டாளத்தின் பழைய பலகை தொங்கிய கொளுக்கிகளிலேயே புதிய பலகையும் தொங்க வேண்டும். நீளம் அவ்வளவுதான். கூட்டவே முடியாது.

"சைனீஸுக்கு மூண்டு எழுத்துத்தான். பிலிப்பீனோ ஆக்களுக்கும் குட்டிச் சொல். அருங்காட்சியகம் மட்டும் வரிக்கு வெளியால போகுது. சின்னனாக்கினா வாசிக்கேலாது. கொமிற்றியில தமிழைப் பலகையில விட்டிட்டு லீஃப்லெற்றில போடுவம் எண்டினம். புதன்கிழமை மீற்றிங்கில முடிவெடுக்கினம். நான் ஏலுமான அளவு சொல்லிப் பாத்திட்டன்."

"பலகையின்ர அளவை அனுப்பு," என்றேன்.

நான் கணிதக்காரன். சமையலறை மேசையில் காகித நாடாவை ஒட்டி, பலகையின் வரியில் தமிழுக்கு உள்ள இடத்தை அதே நீளத்துக்குக் கோடு போட்டேன். எழுத்துகளைத் தனித்தனியே வெட்டி அடுக்கினேன். ஒன்பது எழுத்து. 'அ' ஒரு பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. 'ரு' வாலைச் சுருட்டுகிறது. எப்படி நெருக்கினாலும் கடைசி 'ம்' மேசை விளிம்புக்குப் போகிறது.

இந்திரா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, எங்களிட்ட சின்னனா ஒரு சொல் இருந்ததெல்லே."

"உது ஊர்ச் சொல். இந்தியா ஆக்களுக்கு விளங்காது."

"அதுதான் காரணமோ?"

நான் அந்த 'ம்'மை மறுபடி உள்ளே தள்ளிப் பார்த்தேன். அவள் புதிய காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"வெட்டுங்கோ," என்றாள்.

வெட்டினேன். நூ, த, ன, சா, லை. ஐந்து எழுத்து. வரிக்குள் வைத்தேன். அமர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் மிச்சம்.

"ஐந்தெழுத்து," என்றாள் இந்திரா. "காலமை எழும்பி ஓதுறியள். அது எல்லாத்துக்கும் உதவும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

"அது வேற ஐந்தெழுத்து."

"இதையும் ஓதிப் பாருங்கோ. போனில இல்லை, நேரில."

5

புதன்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன். காகித எழுத்துகள் ஒரு கடித உறைக்குள் இருந்தன.

கட்டிடத்தைத் தூரத்தில் கண்டதும் நடை குறைந்துவிட்டது. தடித்த சுவர், சின்னச் சின்ன ஜன்னல், ஒரே ஒரு வாசல். எந்த நாட்டிலும் பட்டாளம் ஒரே மாதிரித்தான் கட்டுகிறது. வாசலுக்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒருவர் இருப்பது தெரிந்தது. ஊரில் ஆமிச் சோதனைச் சாவடிகளில் பழகிய கை, எனக்கே தெரியாமல் சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்தது. தொப்பியையும் கழற்றிவிட்டேன். அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, படமும் ஆளும் ஒன்றென்று பார்ப்பதற்கு வசதியாக, அப்படியே நின்றேன்.

மேசையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. என் வயது இருக்கும். அங்கே தொண்டராக வேலை செய்கிறவர். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முதியவர்களுக்கு நுழைவு இலவசம்தான்," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அட்டை தேவையில்லை."

பிறகு அட்டையில் இருந்த பெயரை மறுபடி பார்த்தார். எழுந்தே விட்டார்.

"நீங்கள் இந்திராவின் கணவரா? கடைசியில் வந்துவிட்டீர்களே. அந்த வடைக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு இந்திரா வெளிக்கிட்ட வெள்ளிக்கிழமைகளில் பாதி இந்தக் கோயிலுக்குத்தான் வந்திருக்கிறது.

கூட்டம் வெடிமருந்து வைத்த அறையில். இப்போது அங்கே நீண்ட மேசையும் கோப்பி இயந்திரமும் இருக்கின்றன. பொதுமக்களில் யாரும் வந்து சில நிமிடம் பேசலாம் என்று அவர்களுக்கு ஒரு விதி உண்டு. அதுவரை ஒருவரும் வந்து பேசியதில்லை போலும். தலைவர் ஹரல்ட் என்ற உயரமான கிழவர். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, எனக்கு நேரம் தந்தார். துளசி மேசையின் மறுபக்கத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். 

நான் உறையைத் திறந்து, ஐந்து எழுத்துகளையும் மேசையில் அடுக்கினேன். பலகையின் அளவுக்கு வெட்டிய காகிதத்தின் மேல்.

"இதுவும் அதே பொருளுள்ள சொல். எங்கள் நாட்டில் வழங்குவது. உங்கள் கொளுக்கிகளுக்குள் அடங்குகிறது."

ஹரல்ட் ஒரு அளவுகோலை எடுத்து வந்து உண்மையாகவே அளந்தார். அளந்துவிட்டு, "இதன் நேர்ப்பொருள் என்ன?" என்று கேட்டார்.

"நூதனம் என்றால் புதுமை. சாலை என்றால் இடம், மண்டபம். புதியவற்றின் மண்டபம்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஹரல்டும் சிரித்தார்.

"ஐயா, எங்களிடம் இருப்பதெல்லாம் பழசு. புதிதென்று சொல்வதற்கு அந்தக் கோப்பி இயந்திரம்தான் இருக்கிறது."

நான் அன்று பேசிய ஆங்கிலத்தை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. வகுப்பில் தேற்றம் நிறுவுகிற குரல் எங்கிருந்தோ வந்தது.

"காண்பவனுக்கு எது புதிதோ அதுதான் நூதனம். நான் இன்றுதான் இந்த வாசலுக்குள் வந்தேன். எனக்கு இங்கே எல்லாம் புதிது. இன்னொன்றும் சொல்கிறேன். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் முகாமாக்கியது. முகாம் ஒன்றைப் பிள்ளைகள் படிக்கிற இடமாக்கியதை நான் என் வாழ்க்கையில் இங்கேதான் பார்க்கிறேன். இதைவிடப் புதுமை எனக்குத் தெரியாது. இதைச் செய்தவர்களில் ஒருத்தி என் மகள். அதையும் நான் இன்றுதான் பார்க்கிறேன்."

 ஹரல்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "கை உயர்த்துங்கள்," என்றார். எல்லாக் கையும் உயர்ந்தது. துளசிக்கு வாக்கு இல்லை. அவள் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்திருந்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே புல்வெளியில் நின்றோம். ஏரிக் காற்று நன்றாக அடித்தது.

"அந்தச் சொல் எனக்குத் தெரியும் அப்பா," என்றாள்.

"தெரிஞ்சா ஏன் என்னைக் கேட்டனி?"

"நீங்க சொல்லோணும் எண்டு."

"வேற சொல் இருக்கா எண்டு கேட்டதும் அதுக்குத்தானோ?"

"ஓம். நீங்க இல்லை எண்டு சொன்னீங்க."

நான் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு நின்றேன். அதைச் சொல்வதற்கு நல்ல தமிழ் ஒன்றும் வரவில்லை. இருந்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை, பிள்ளை. அதுக்குப் பிறகு இஞ்சை வராமல் இருந்தது அதைவிடப் பிழை."

"ஓம். பிழைதான்," என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். "வாங்கோ. முதல்ல டூர். அதுக்குப் பிறகு கோப்பி. நான் கைட் பண்ணினா ரெண்டு மணித்தியாலம் எடுக்கும், சொல்லிப்போட்டன்."

6

பலகை ஏறிய நாளைப் பற்றி ஊருக்கு எழுதாமல் இருக்க முடியாது.

அதற்கு முதல் நாள் பிளாசாவில் வைத்துக் குணம் அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். மகள் ஆமியில் இல்லை, ஆமிக் கட்டிடத்தில் இருக்கிற நூதனசாலைக்குத் தலைமை என்று. அவர் நெடுநேரம் கோப்பியைக் கலக்கினார்.

"அப்ப மேஜர் இல்லை?"

"இல்லை அண்ணை."

"கட்டிடம் ஆமியின்ரதோ?"

"ஒரு காலத்தில."

"இப்ப திறப்பு, சாவிக்கொத்து, ஆரிட்டை?"

"துளசியிட்டை."

"அப்ப உமக்கு விளங்கேல்லை மாஸ்ரர்," என்றார். "பொடிச்சி ஆமி முகாமைப் பிடிச்சிட்டாள்."

அன்றே அவர் தொலைபேசியில் ஏறிவிட்டார். ரயில் நிலைய அதிபருடைய அறிவிப்பு அல்லவா, எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் வோபர்னிலிருந்தும் ரூஜிலிருந்தும் எங்கள் ஆட்கள் வான் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். சேலை, வேட்டி, குழந்தை வண்டி, சாப்பாட்டுப் பெட்டி. மேசைப் பெண்மணியிடம் இருந்த வரவேற்புத் துண்டுப் பிரசுரங்கள் முடிந்துவிட்டன. ஹரல்ட் வாசலில் நின்று, இவ்வளவு சனத்தை இந்தக் கட்டிடம் பட்டாளம் இருந்த காலத்தில்கூடக் கண்டிருக்காது என்றார்.

எல்லோரும் உடனே உள்ளே போகவில்லை. வயதானவர்களில் பலர் அந்தச் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். எனக்கு வந்த அதே நிறுத்தம். சிலருடைய கை சட்டைப் பையில் தடவியதையும் கண்டேன். அப்போது பலகையை மூடியிருந்த துணியை இழுத்தார்கள். கீழ் வரியில், நடுவில், கறுப்பில் வெள்ளையாக, ஐந்து எழுத்து. யாரோ ஒருவர் உரக்க எழுத்துக்கூட்டினார்: "நூ… த… ன… சாலை." பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "அட, எங்கட சொல்," என்றபடி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள்.

உள்ளே புதிய கூடத்தில் எனக்குச் சொல்லாமல் ஒன்றை வைத்திருந்தாள் துளசி. கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பிரித்தானியச் சிப்பாயின் சிவப்புச் சட்டை. அதற்குப் பக்கத்தில், அதே மாதிரித் தாங்கியில், அதே மாதிரி வெளிச்சத்தில், தோளில் பட்டி வைத்த நீலச் சட்டை ஒன்று. செக்கியூரிற்றிச் சட்டை. இடது முழங்கையில் இந்திரா போட்ட தையலைக் கண்ட பிறகுதான் என்னுடையது என்று தெரிந்தது. வடையோடு அதையும் அவள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கீழே மூன்று மொழியில் எழுதியிருந்தது: "கணித ஆசிரியர் ஒருவர் இந்த நகரத்தில் அணிந்த சட்டை."

குணம் அண்ணை இரண்டு சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்ரர், ஆமியில இருந்தது மகளில்லை. நீர்தான்."

கூடம் முழுக்கச் சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். இத்தனை வருடம் ஊருக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்த சட்டை. அன்று அதற்குப் பக்கத்தில் நின்று படமெடுக்க வரிசை நின்றது. மகளிடம் அவளுக்கு என்ன வேலை என்று ஒரு பிள்ளை கேட்டது. அவளை முந்திக்கொண்டு நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

7

யோகன், இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

இந்தக் கட்டிடத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் ஒரு சிப்பாய் ஆணியால் கப்பல் ஒன்றைக் கீறியிருக்கிறான். தன் வீட்டுக்குப் போகிற கப்பலாக இருக்கும். இங்கே அதைச் சுரண்டவில்லை. மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "பாய்மரம் பிழை" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் ஆய்வுகூடம் நினைவுக்கு வருகிறது.

ஆமியின் கரியை நாங்கள் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று சங்கத்தில் கேட்பார்கள். கோபிப்பார்கள். கோபம் நியாயமானது. எனக்கும் இருக்கிறது. ஆனால் துளசியிடம் கேட்டேன். அவள் யோசிக்காமல் சொன்னாள்: "பெயின்ற் அடிச்சா அங்க ஒண்டும் நடக்கேல்லை எண்டு ஆகிடும் அப்பா." தோற்றவன்தான் சுவரை அவசரமாக அழிக்க வேண்டும். நாங்கள் தோற்கவில்லை. பள்ளிக்கூடம் எங்களிடம் வந்துவிட்டது. மணி அடிக்கப்போகிறது. வென்றவன் அந்தச் சுவருக்குக் கண்ணாடி போட்டு, தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டலாம். அந்தப் பஸ்ஸைக் கீறிய பொடியனும் ஏதோ ஒரு ஊருக்குத் திரும்பிப் போக விரும்பியிருக்கிறான் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

எனவே ஆய்வுகூடத்தை விட்டுவிடு. சுரண்டாதே, பூசாதே. துளசி தை மாதம் அங்கே வருகிறாள். எப்படிப் பாதுகாப்பது என்று உங்களுக்குச் சொல்லித் தருவாள். நான் கேட்காமல் அவளே சொன்னாள். நானும் கூட வருகிறேன். அடையாள அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருவேன்.

மற்ற எல்லாச் சுவருக்கும் மஞ்சள். லண்டன்காரர் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஆய்வுகூட வாசல் ஒடுக்கம், பலகை போட இடமில்லை என்று நீ சொல்லக்கூடும். கவலைப்படாதே. சொல் என்னிடம் இருக்கிறது. ஐந்தே எழுத்து. அளந்து பார்த்துவிட்டேன், அடங்கும்.